சூலக்கரையில் ஒரு சாணைத் தட்டு

வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ எட்டுக்கல் பேசரி போட்டிருந்தால், ஒருநாள் கழற்றித் தரச் சொல்லி சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் தட்டையாக ஒரு முகம் இருக்கும். அதைச் சுற்றிச் சரிவாகச் சின்னச் சின்ன முகங்கள். மிகச் சிறிய கல்லில் மேலும் கீழும் சேர்த்து 17 இருக்கலாம். கொஞ்சம் பெரிய வட்டக் கல்லில், முறையாகத் தீட்டியிருந்தால், மேலே 33, கீழே 24, ஆக 57. இத்தனையும் தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் அந்தக் கல்லை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் தட்டில் ஒவ்வொரு முகமாக வைத்துத் தேய்த்திருக்கிறார். தேய்த்த முகத்தைத் திரும்பவும் மெருகேற்றியிருக்கிறார். கடையின் பெயர் நகைப்பெட்டியில் அச்சாகியிருக்கும். செய்த ஆசாரியைக்கூட வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். கல்லுக்குப் பட்டை தீட்டியவரை யாருக்கும் தெரியாது.

நான் அந்த வேலைதான் செய்கிறேன். விருதுநகரை அடுத்த சூலக்கரையில், வீட்டின் முன்னறையில், ஒரு மோட்டார், தேய்க்க ஒரு தட்டு, மெருகுக்கு ஒரு செம்புத் தட்டு, துளை போட்ட ஒரு பலகை, ஒரு ஸ்பிரிட் விளக்கு. இந்தப் பக்கம் தொழில் என்றால் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. விருதுநகருக்குள் வந்தால் பருப்பு, எண்ணெய், வத்தல். கல்லுக்குப் பட்டை தீட்டுகிறேன் என்றால், "குவாரியிலயா, கிரானைட்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை, மோதிரத்திலும் தோட்டிலும் பதிக்கிற கல் என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்.

"ஒரிஜினல் கல்லா அண்ணாச்சி?"

"செயற்கைக் கல்லும்மா."

அவ்வளவுதான், கேட்டவர் முகம் மாறிவிடும். பழைய தோட்டில் விழுந்துபோன கல்லுக்குப் பதில் கல் போட வந்த ஒரு அக்கா, "அப்ப டூப்ளிகேட்டுதான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு என் மனசில் தங்கிவிட்டது. டூப்ளிகேட் என்று சொல்லும்போது கல்லோடு சேர்த்து வேலையையும் தள்ளிவிடுகிறோம். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செயற்கைக் கல் என்றால் என்ன என்று பார்ப்போம். கண்ணாடியை வெட்டிச் சாயம் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடிக் கல்லும் சந்தையில் உண்டு, அது வேறு. 1902-இல் பிரான்சில் ஆகுஸ்த் வெர்னேய் என்ற வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்க வேண்டும். 2,000 டிகிரி செல்சியசுக்கு மேலான அந்தச் சூட்டில் தூள் உருகி, கீழே இருக்கும் ஒரு கம்பின் தலையில், மெழுகு சொட்டிச் சொட்டி உறைவதைப் போல ஒரே படிகமாக வளரும். தூளில் துளி குரோமியம் சேர்த்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்த்தால் நீலம். வளர்ந்து முடித்த கட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். உள்ளே இறுக்கம் இருக்கும், பிளந்தால்தான் அது தீரும்.

மண்ணுக்கடியில் கிடைக்கிற மாணிக்கமும் அதே அலுமினியம் ஆக்சைடுதான், அதே குரோமியம்தான். இரண்டும் குருந்தம். கடினத்துக்கு மோஸ் அளவுகோலில் இரண்டுக்கும் 9. ஒளியை வளைக்கிற அளவும் ஒன்றே. வெர்னேய் முறைக் கல்லை லென்சில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும், சில சமயம் காற்றுக் குமிழிகளும் தெரியும். மண்ணில் விளைந்ததில் கோடுகள் நேராக இருக்கும். அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இயற்கைக் கல் என்று பொய் சொல்லி விற்றால் அது மோசடி, அதில் சந்தேகமில்லை. செயற்கை என்று சொல்லி விற்றால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். சிவகாசிப் புஸ்வாணத்தில் வெள்ளையாகச் சிதறுகிற பொறி அலுமினியப் பொடி எரிவதால் வருவது. எரிந்து முடிந்ததும் அது அலுமினியம் ஆக்சைடாக மாறிவிடுகிறது. நான் தட்டில் வைத்துத் தேய்க்கிற சிவப்புக் கல்லின் மூலப்பொருளும் அதுதான். என் அம்மா சரம் பின்னப் போனவர். சாயங்காலம் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் ரேகையில் சாம்பல் நிறம் போகாது. எங்கள் குடும்பத்துக்கு அந்த உலோகம் இரண்டு தலைமுறையாகச் சோறு போடுகிறது.

வெள்ளைக் கல்லின் கதை வேறு. கடையில் அமெரிக்கன் டைமண்ட், ஏ.டி. கல் என்று சொல்வது க்யூபிக் சிர்கோனியா. 1970-களில் சோவியத் விஞ்ஞானிகள் அதைப் பெருமளவில் வளர்க்க வழி கண்டார்கள். அமெரிக்காவுக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு. அதற்கு முன்னால் வைரத்துக்குப் பதிலாக வெள்ளைக் குருந்தம், வெள்ளை ஸ்பைனல் எல்லாம் போட்டார்கள். பழைய பேசரியில் அந்தக் கற்கள் இன்னும் இருக்கின்றன. க்யூபிக் சிர்கோனியா வந்ததும் அவற்றுக்கு மவுசு போய்விட்டது, ஏனென்றால் மின்னுவதில் இது வைரத்துக்குக் கிட்டத்தில் வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் ரத்தினபுரியில் ஒரு நீலக்கல் கிடைக்கிறது என்று வையுங்கள். அதைத் தீட்டுகிறவருக்கு முதல் கவலை எடை. ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் பெரிய பணம். அதனால் அடிப்பக்கத்தைக் கனமாகவே விட்டுவிடுவார்கள். வடிவம் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, எடை நிற்க வேண்டும். அப்படித் தீட்டிய கல்லை வெளிநாட்டில் வாங்கி மறுபடி தீட்டுவதும் உண்டு. செயற்கைக் கல்லில் இந்தக் கணக்கே கிடையாது. கட்டியின் விலை மலிவு. தீட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டை சரியாக வந்ததா, எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் நீங்கள் கடையில் கொடுக்கிற காசு எதற்கு? மண்ணுக்கு இல்லை, கல்லுக்கும் அவ்வளவாக இல்லை. பெரும்பகுதி கை வேலைக்கு. செயற்கைக் கல்லில் கலப்படமே இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தீட்டியவரின் உழைப்புதான்.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் தலைநகரம் திருச்சி. திருச்சி நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும், புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்து கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல் தீட்டிய காலம் இருந்தது. திண்ணையில் ஒருவர் கட்டியை அறுப்பார், உள்ளே ஒருவர் உருட்டுவார், இன்னொருவர் பட்டை போடுவார். மேட்டுப்பாளையத்தில் சுவிட்சர்லாந்துக் கூட்டோடு இந்தோ-சுவிஸ் என்ற பெயரில் செயற்கை ரத்தினக் கட்டி செய்கிற ஆலையே நடந்தது. சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் வேலை கற்றுக்கொண்டு வந்தார்கள். ஒரு ஊரில் தொழில் பிறப்பதற்கு அதைவிடப் பெரிய ரகசியம் ஏதும் இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் போய், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துக் கற்று, திரும்பி வர வேண்டும். நான் அவர்கள் அளவுக்கு ஊரை மாற்றிவிடவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டாசு ஆலைக்குப் போகாமல் திருச்சிக்கு பஸ் ஏறியதற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

நான் கற்ற பட்டறையில் மாஸ்டர் முதல் சில மாதம் என்னைத் தட்டுப் பக்கமே விடவில்லை. குச்சியில் கல் ஒட்டுவதுதான் வேலை. சின்ன விஷயம் என்று தோன்றும். அரக்கை விளக்கில் காட்டி இளக்கி, குச்சி நுனியில் உருட்டி, கல்லையும் லேசாகச் சூடாக்கி அதில் பதிக்க வேண்டும். கல் சூடாகாவிட்டால் அரக்கு பிடிக்காது, தட்டில் வைத்ததும் தெறித்துவிடும். சூடு கூடினால் விரிசல் விடும். ஒட்டியபின் அரக்கு இறுகுவதற்குள் குச்சியை விரல்களுக்கிடையே உருட்டி, கல்லின் நடு குச்சியின் நடுவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழை தள்ளியிருந்தால் போதும், கடைசியில் ஒரு பக்கத்துப் பட்டை பெரிதாகவும் எதிர்ப்பக்கம் சிறிதாகவும் வரும். அந்தத் தவறு அப்போது தெரியாது, வேலை முடியும்போதுதான் தெரியும். மாஸ்டர் அதை முதலில் கற்றுக் கொடுத்ததன் நியாயம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பலகையில் மேலும் கீழுமாகத் துளைகள் இருக்கும். குச்சியின் பின்முனையை எந்தத் துளையில் ஊன்றுகிறோமோ அதுதான் பட்டையின் சரிவு. மேலே போனால் ஒரு கோணம், கீழே வந்தால் இன்னொன்று. ஒரு வரிசையில் எட்டுப் பட்டை போட வேண்டுமென்றால், ஒரே துளையில் ஊன்றியபடி குச்சியை எட்டு முறை திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்புவது என்பதற்கு அந்தப் பலகையில் அளவில்லை. விரல்தான் அளவு. முதலில் எதிரெதிராக இரண்டு, பிறகு குறுக்கே இரண்டு, அப்புறம் இடைவெளியில் நான்கு. இன்றைக்கு டிகிரி எழுதிய, பல்சக்கரம் வைத்த கருவிகள் வந்துவிட்டன, நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய கல்லுக்கு அதைத்தான் எடுக்கிறேன். பொடிக் கல்லுக்குப் பழைய பலகைதான் எனக்கு வேகம்.

கோணத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். ஒளி மேலே நுழைந்து, ஒரு அடிப்பட்டையில் மோதி, எதிர்ப்பட்டையில் மோதி, மறுபடி மேலே நம் கண்ணுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எல்லைக் கோணம் உண்டு, அதைவிடச் சாய்வாக மோதினால்தான் ஒளி உள்ளேயே திரும்பும். குவார்ட்சுக்குச் சுமார் 40 டிகிரி, குருந்தத்துக்கு 34, 35, வைரத்துக்கு 24 சொச்சம். அடிப்பட்டையைப் படுக்கையாகத் தீட்டிவிட்டால் ஒளி திரும்பாமல் அடிவழியே ஓடிவிடும், நடுவில் ஓட்டை விழுந்தது போல வெறிச்சென்று தெரியும். வைரத்துக்கான இந்தக் கணக்கை 1919-இல் மார்செல் டொல்கோவ்ஸ்கி என்பவர் எழுதி வெளியிட்டார். அவர் வைரம் தீட்டுகிற குடும்பத்தில் பிறந்த பொறியாளர். கணக்கு எழுதியவரும் சாணையடியில் வளர்ந்தவர் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். பதிக்காத வட்ட வெள்ளைக் கல் கையில் கிடைத்தால், தட்டை முகம் மேலே இருக்கும்படி, செய்தித்தாள் எழுத்தின்மேல் பிடித்து நேர் மேலிருந்து பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால், ஒன்று அது கண்ணாடி போல ஒளியைக் குறைவாக வளைக்கிற பொருள், இல்லையென்றால் அடிப்பட்டையை அவசரத்தில் படுக்கவைத்துவிட்டார்கள். ஒழுங்காகத் தீட்டிய க்யூபிக் சிர்கோனியாவில் எழுத்தைப் படிக்க முடியாது.

பட்டை போடுவது பாதி வேலை. தேய்த்த முகம் பனி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும். அதை மெருகேற்றச் செம்புத் தட்டு வேண்டும், அதன்மேல் எண்ணெயில் குழைத்த மிக நுண்ணிய வைரப்பொடி. குருந்தத்துக்கு இது. குவார்ட்ஸ் வகைக் கல்லுக்கு சீரியம் ஆக்சைடு போதும். கரடுமுரடான பொடியில் ஒரே ஒரு துகள் மெருகுத் தட்டுக்கு வந்துவிட்டாலும் கல்லில் கீறல் விழும். அதனால் இரண்டுக்கும் நடுவே கையையும் குச்சியையும் சுத்தமாகக் கழுவித் துடைக்க வேண்டும். நான் சட்டையைக்கூட உதறிவிட்டுத்தான் உட்காருவேன். மெருகில் கண்ணைவிடக் காது உதவி. முகம் தட்டில் முழுசாகப் படியாதபோது ஒரு சத்தம், படிந்தபின் ஒரு சத்தம். மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பாமலே, "தம்பி, ஓரம் தொடுது, தூக்கு" என்பார். அது எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவரால் விளக்க முடியாது. எனக்கும் இப்போது தெரிகிறது, என்னாலும் விளக்க முடியவில்லை.

ஒரு பக்கம் முடிந்ததும் கல்லைக் கழற்றி, மறுபக்கத்தை ஒட்டி, திரும்பவும் மேலே சொன்ன எல்லாம். மேல்பட்டை கீழ்ப்பட்டைக்கு நேராக வர வேண்டும். கடைசியில் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் அரக்கு கரைந்து கல் தனியே கிடக்கும். அந்த நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் முதல் முறை பார்ப்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

இயற்கைக் கல்லும் இடையிடையே வரும். காங்கேயம், கரூர்ப் பக்கத்திலிருந்து நிலாக்கல் கொண்டுவந்து தருவார்கள். அதற்குப் பட்டை கிடையாது, முதுகு உருண்டையாகத் தேய்க்க வேண்டும். உள்ளே ஓடுகிற வெண்ணொளி எந்தத் திசையில் இருக்கிறது என்று முரட்டுக் கல்லிலேயே கண்டுபிடித்து, அது உருண்டையின் உச்சியில் வரும்படி வைக்க வேண்டும். தப்பினால் ஒளி ஓரமாக ஒதுங்கிப் போகும். கல் இளக்கமானது, 6 கடினம்தான், பிளந்துபோகிற குணமும் உண்டு. எனக்குப் பிடித்த கல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த மாவட்டத்துக்கும் கல் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நானே நினைத்ததுண்டு. வெம்பக்கோட்டை அதற்குப் பதில் சொன்னது. சிவகாசிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், கண்ணாடி மணிகள், தங்கத் துண்டுகள் என்று ஏராளமாகக் கிடைத்தன. 2024-இல் மூன்றாம் கட்டத்தில், திமிலுள்ள காளை பொறித்த ஒரு சூதுபவளக் கல் கிடைத்தது. செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டேன். சூதுபவளம் குவார்ட்ஸ் குடும்பம், கடினம் ஏறக்குறைய 7. சாதாரண இரும்பு உளி அதில் வழுக்கும். வில்லால் சுழற்றும் துரப்பண நுனியில் அதைவிடக் கடினமான கல்லின் தூளை வைத்து, தண்ணீரோ எண்ணெயோ விட்டு, அரைத்து அரைத்துத்தான் பள்ளம் எடுக்க முடியும். மோட்டார் இல்லை, லென்சு இல்லை. சின்னக் கல்லில் காளையின் திமிலைக் கொண்டுவர அந்தக் கை எத்தனை முறை நின்று நின்று பார்த்திருக்கும்! நானும் தூளால்தான் தேய்க்கிறேன். முறை மாறவில்லை, வேகம்தான் மாறியிருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் முடித்த மணிகளோடு பாதியில் நின்றவையும் கிடைத்தன. அந்தப் பாதியில் நின்ற மணிகளை நான் நேரில் பார்க்க வேண்டும். முடித்த மணியைவிட, பாதியில் விட்ட மணிதான் தொழிலாளியைப் பற்றி அதிகம் சொல்லும்.

சூதுபவளம் நம் மண்ணில் விளைவதில்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் குஜராத்தில் கம்பாத் நகரத்தில் இன்றைக்கும் அகேட்டும் சூதுபவளமும் தீட்டுகிறார்கள். அங்கே தீட்டுகிறவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அகேட், சூதுபவளம், குவார்ட்ஸ் எல்லாமே சிலிக்கா. உலர்வாகத் தேய்த்தால் பறக்கிற தூசு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. மூக்கு வழியே போய் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அதைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ். போன தூசு திரும்பி வராது, தழும்பைக் கரைக்கிற மருந்தும் இல்லை. காசநோய் வேறு எளிதாகத் தொற்றும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகக் கம்பாத் தொழிலாளர்களை ஆராய்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே சாணை ஓடுவதால் வேலை செய்யாத பெண்களும் குழந்தைகளும்கூட அந்தத் தூசைச் சுவாசிக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் தொழிலின் ஆபத்து சத்தத்தோடு வரும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அப்படி நடந்தால் செய்தி வரும், அமைச்சர் வருவார், விசாரணை நடக்கும். அதுவே போதாது என்பது வேறு விஷயம். சாணைத் தூசு சத்தமில்லாமல் பத்து, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும். ஆள் வீட்டில் படுத்திருப்பார், இருமல் என்பார்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத்தான் இருந்தது. ஆனால் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து தீட்டுகிற இடம் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாகவே இருந்ததில்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்தத் தூசு நோய்களுக்கென்றே கொள்கை வகுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதுபோல ஒன்று கல் வேலை நடக்கிற எல்லா மாநிலத்திலும் வேண்டும். நம் மாநிலத்தில் கல் தீட்டுகிறவர்கள், கிரானைட் அறுக்கிறவர்கள், சிலை வடிக்கிறவர்கள் எல்லோரும் அதற்குள் வர வேண்டும்.

குருந்தத்தில் சிலிக்கா இல்லை, அந்த வகையில் செயற்கைக் கல் தீட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் பட்டறையில் ஒரே கல்லா வரும்? காலையில் சிவப்பு, மதியம் அகேட், சாயங்காலம் நிலாக்கல். அதனால் என் தட்டுக்கு மேலே தண்ணீர் டப்பா தொங்கும். சொட்டு நின்றால் வேலையும் நிற்கும். ஈரமாகத் தேய்த்தால் தூசு சேறாக இறங்கிவிடும். அந்தச் சேற்றையும் காயவிட்டுப் பெருக்கக்கூடாது, ஈரத்தோடு வழித்தெடுக்க வேண்டும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. நுண்தூசு துணியைத் தாண்டிப் போகும். அதற்கென்று உள்ள என்95 வகை முகக்கவசம் வேண்டும். கொரோனா வந்தபோது அது எல்லாக் கடையிலும் கிடைத்தது. அதற்கு முன்னால் கல் தொழிலாளிக்கு அதை யாரும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன், சுருங்கிவிட்டது. சீனாவில் குவாங்சி தன்னாட்சிப் பகுதியின் வூஜோ நகரம் 1990-களுக்குப் பிறகு செயற்கைக் கல்லுக்கு உலகச் சந்தையாகிவிட்டது. அங்கே இயந்திரம் ஒரே நேரத்தில் பல கற்களைத் தீட்டும். பொடி வெள்ளைக் கல்லில் அதனோடு விலையில் போட்டிபோட முடியாது. திருச்சிப் பக்கம் என்னோடு கற்றவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் கூலி கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. கண் மங்கினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையும். வைப்பு நிதி, ஓய்வூதியம் ஏதும் இல்லை. கைவினைஞர் என்று நெசவாளரைச் சொல்கிறோம், ஆசாரியைச் சொல்கிறோம், கல் தீட்டுகிறவரைச் சொல்வதில்லை. அந்த வரிசையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

ஆனாலும் இயந்திரம் செய்ய முடியாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வைத்துத்தான் என் வீடு ஓடுகிறது. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற வேலை அது, பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் போடுகிற சிவப்பு, பச்சைக் கல் நகைகள் அந்த மரபுதான். அந்த வகைப் பழைய நகையில் ஒரு கல் விழுந்துவிட்டால் கடையில் அளவு சொல்லி வாங்க முடியாது. ஒவ்வொரு குழியும் வேறு வேறு அளவு. அந்தக் காலத்துக் கல்லின் சிவப்பும் இப்போதைய சிவப்பும் ஒத்துப்போகாது. குழிக்கு மெழுகில் அச்சு எடுத்து, பழைய கட்டித் துண்டுகளில் நிறம் தேடி, அந்த ஒரு கல்லை மட்டும் தீட்ட வேண்டும். பக்கத்துக் கல்லில் பட்டை கொஞ்சம் தேய்ந்து மழுங்கியிருந்தால் புதுசையும் அதற்கு ஏற்ப அடக்கித் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது மட்டும் தனியாகக் கண்ணை உறுத்தும். எட்டுக்கல் பேசரி, ஏழுகல் தோடு, நெத்திச்சுட்டி, பழைய அட்டிகை எல்லாம் இப்படி வருகின்றன. மதுரை, ராஜபாளையத்து ஆசாரிகள் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். அந்த "டூப்ளிகேட்" அக்காவும் பிறகு தன் அம்மாவின் தோட்டைக் கொண்டுவந்தார். அந்தக் கல் முழுக்க வெள்ளை ஸ்பைனல். ஒரு துண்டு தேடிப் பிடித்துத் தீட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் மகள் இப்போது என்னிடம் கற்றுக்கொள்கிறாள். "சித்தப்பா, பட்டாசுக்குப் போறதுக்கு இதைப் படிச்சா என்ன?" என்று கேட்டு வந்தவள். நான் அவளிடம் இது பெரிய வருமானம் என்று சொல்லவில்லை. வரும் வேலை இவ்வளவு, கூலி இவ்வளவு என்று கணக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் வருஷம் ஒருமுறை பரிசோதனை, தண்ணீர்ச் சொட்டில்லாமல் தட்டு சுற்றாது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் இருக்கிற வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குச்சியைக் கையில் கொடுத்தேன். அரக்கு ஒட்டுவதில் என்னைவிட அவளுக்குக் கை நிதானம்.

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் கற்க வந்தால் இடம் இருக்கிறது. பெண்கள் வந்தால் அண்ணன் மகளுக்குத் துணையாகவும் இருக்கும். கட்டணம் எதுவும் இல்லை. முதலில் உடைந்த கண்ணாடித் துண்டில்தான் பழக வேண்டியிருக்கும், அதையும் நானே தருவேன். காலையில் ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன். வரும்போது வீட்டில் கல் விழுந்த பழைய தோடு, மூக்குத்தி எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், அதை வைத்தே பாடம் தொடங்கலாம்.